மோட்டாரைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை

கண்ணு,

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் அந்தப் போட்டை அவிழ்க்காதே. ஞாயிற்றுக்கிழமை பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நிமிஷாவையும் பேத்திக் குட்டியையும் ஏற்றிக்கொண்டு கொச்சிக் காயலுக்குள் ஒரு சுற்றுப் போய்வரப் போவதாக நேற்று போனில் சொன்னாய். நானும், "செரி கண்ணு, பாத்துப் போ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த மோட்டாரில் குறை இருக்கிறது. ஒன்பது நாளாக எனக்குத் தெரியும். ஒன்பது நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏன் மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

இன்றைக்கு நம் கணபதி ஏரியாவில் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் வராது. பட்டறையில் லேத்தும் நின்றுவிட்டது, வைண்டிங் மிஷினும் நின்றுவிட்டது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொட்டேஷன் எழுதுகிற தாள்களைத் திருப்பிப்போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கையெழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இரண்டு தடவை அதற்காகவே கூப்பிட்டேன். "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்டேன், "சாப்ட்டேனுங்க" என்றாய், அதற்கு மேல் எனக்கு வரவில்லை. என் வாய்க்குத் திட்ட வரும், சத்தம் போட வரும். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் அதற்குப் பழக்கமில்லை. அது உனக்கும் தெரியும், உங்கம்மாவுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அச்சன், அதாவது அப்பா, என்று கூப்பிடுகிற உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், இனிமேல் அடிக்க முடியாது. அவர் நல்ல மனிதர், அதுதான் என் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஆலப்புழையில் முப்பது வருடம் பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிறவர், குழந்தையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையால் மீன் சுத்தம் செய்கிறவர். நான் உன்னை அப்படித் தூக்கினதில்லை. என் கையில் எப்போதும் கிரீஸ் இருந்தது. உன் கல்யாணமாகி இந்த நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நானாக அவருக்குப் போன் போட்டதில்லை. அவர் போட்டால் உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது, காலைச் சாப்பாட்டில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, ஒரு விசயமுங்க. சின்னதா ஒரு போட் வாங்கலாம்னு இருக்கறனுங்க. மோட்டார் வெச்சது" என்றாய். மோட்டார் என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. கையில் இருந்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டேன். நாற்பது வருடமாகப் பம்ப்செட் மோட்டாரோடு மாரடிக்கிறவன் வீட்டில் பிறந்துவிட்டு, பாங்கிலும் கம்ப்யூட்டரிலும் காலம் தள்ளின பையன், கடைசியில் என்னிடம் வந்து ஒரு மோட்டாரைப் பற்றிக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். என்னென்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் வரிசை கட்டினேன். எத்தனை எச்.பி., பெட்ரோலா டீசலா, எத்தனை மணி நேரம் ஓடினது, உப்புத் தண்ணியிலா நல்ல தண்ணியிலா. நான் வாயைத் திறப்பதற்குள், "அச்சனும் நானும் நாலு போட் பாத்துட்டு வந்துட்டமுங்க. அச்சன் ஒன்னைப் புடிச்சுக் குடுத்துட்டாரு" என்றாய். நான், "ஓ, அப்படியா" என்றேன். இட்லியை மறுபடியும் எடுத்தேன். என்ன சட்னி என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் உன் போட்டுக்குச் சொன்ன குறைகளை நீயே ஒரு தடவை எண்ணிப் பார். பழைய ஃபைபர் போட், பிளாஸ்டிக் வாளி மாதிரி விரிசல் விடும் என்றேன். பதினாறு அடி பத்தாது என்றேன். நாற்பது எச்.பி. எல்லாம் ஒரு எச்.பி.யா என்றேன். விற்கிறவன் மூஞ்சி சரியில்லை என்று போட்டோவில் பார்த்துச் சொன்னேன். கார் விலையில் போட் வாங்குகிறவன் பிறகு காரில் பெட்ரோல் போடவும் கஷ்டப்படுவான் என்றேன். புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்று ஒரு வாரம் சொன்னேன், அடுத்த வாரம் வாங்கவே வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் மேலே, உன் ஜாதகத்தில் தண்ணீர்க் கண்டம் இருப்பதாக ஜோசியர் சொன்னார் என்று ஒரே போடாகப் போட்டேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உங்கம்மா, "எந்த ஜோசியருங்க? இவனுக்கு ஜாதகமே எழுதலீங்களே" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் நீ சிரித்தது எனக்குக் கேட்டது. நிமிஷாவும் சிரித்தாள். பின்னால் ஒரு ஆம்பளைச் சிரிப்பும் கேட்டது, அதற்குத்தான் ஸ்பீக்கரை அணைத்தேன்.

அந்தக் குறைகள் அத்தனையும் பொய் கண்ணு. உன் கையில் இருக்கிற பணத்துக்கு நீ பார்த்த போட் சரியான போட். மூன்று பேர் போக, வெயில் தாழப் போய்வர, அதற்குப் பதினாறு அடியும் நாற்பது எச்.பி.யும் போதும். பெரிய மோட்டார் வேண்டும் என்று நான் சொன்னது, ஐந்து எச்.பி. போதுமான கிணற்றுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஏழரை போட்டான் என்பதற்காகப் பத்து எச்.பி. கேட்டு வருகிறார்களே, அவர்கள் பேசுகிற பேச்சு. அவர்களைப் பட்டறையில் உட்காரவைத்துப் புத்தி சொல்லி அனுப்புகிறவன் நான். உன்னிடம் வரும்போது நானே அப்படிப் பேசிவிட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு உன்னிடம் பழைய பாக்கி ஒன்று உண்டு. உனக்கு ஏழு வயதிருக்கும், ஊட்டிக்குப் போயிருந்தோம். ஏரிக்கரையில் மோட்டார் போட்டுக்குத் தனி வரிசை, காலால் மிதிக்கிற போட்டுக்குத் தனி வரிசை. நீ என் கையைப் பிடித்து மோட்டார் பக்கம் இழுத்தாய். "நாமளே கால் வெச்சிருக்கறோம், மோட்டாருக்கு எதுக்குங் கண்ணு தண்டம்" என்று சொல்லி மிதிக்கிற போட்டில் ஏற்றினேன். உன் கால் பெடலுக்கு எட்டவில்லை. நான் ஒருத்தனே மிதித்தேன், அது ஓரமாகவே சுற்றிக்கொண்டு இருந்தது. பக்கத்தில் மோட்டார் போட் போகும்போதெல்லாம் நீ கழுத்தைத் திருப்பிப் பார்த்தாய். காசு ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். இன்னொரு காரணத்தை இன்றைக்கு வரைக்கும் உங்கம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எனக்குப் பயம். ஏரி நடுவே போக எனக்குப் பயம். உங்கப்பனுக்கு நீச்சல் தெரியாது.

நீ காலேஜ் படிக்கும்போது தலையில் குளோரின் வாசனையோடு வீட்டுக்கு வந்தாயே, யாருக்கும் தெரியாமல் நீச்சல் கற்றுக்கொண்டு. "ஆரைக் கேட்டுப் போன?" என்று நான் கத்தினேன். நீ துண்டை உதறிக் காயப்போட்டாய். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. ஆபத்து என்பதற்காகக் கோபப்பட்டேன் என்று நினைத்திருப்பாய். எவனோ ஒரு கோச் உன் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்து மிதக்கவைத்திருக்கிறானே, அந்தக் கை என் கை இல்லையே என்றுதான் எரிந்தேன். என் கை எப்படி இருக்கும்? தாராபுரம் பக்கம் தோட்ட வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் ஆட்களுக்குக் கிணறு கிடையாது. தோட்டத்துக்காரர் கிணற்றில் எங்கள் பையன்கள் குளிக்க இறங்கக் கூடாது. தொழில் கற்றுக்கொண்டபிறகு அதே கிணற்றில் மோட்டார் ரிப்பேர் என்று என்னைக் கூப்பிட்டு, கயிறு கட்டி இறக்கினார்கள். மோட்டாரை ஓடவைத்துவிட்டு மேலே ஏறினேன். அப்போதும் நீச்சல் தெரியாது. எத்தனையோ கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றியிருக்கிறேன், ஒன்றிலும் மிதந்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு, பிறந்ததிலிருந்து தண்ணீர் மேலேயே இருந்த ஒரு மனிதர் சம்பந்தியாக வந்து, என் பையனையும் தண்ணீர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும், நீயே சொல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. தீபாவளி முடிந்து நீ ஊருக்குத் திரும்பினபிறகு, தினமும் மத்தியானம் பட்டறையில் உட்கார்ந்து போட் மோட்டார் வீடியோவாகப் பார்த்தேன். கழற்றுவது, மாட்டுவது, எங்கே பழுதாகும், எப்படிச் சத்தம் வரும், எல்லாம். எந்த மொழிக்காரன் பேசுகிறான் என்றுகூடத் தெரியாது, கையைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். என்றைக்காவது நீ கேட்டால் டக்கென்று சொல்லவேண்டும் அல்லவா. உங்கம்மா சாப்பாடு கொண்டுவந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, போட் வாங்கறது அவனா நீங்களா?" என்றாள். "பம்ப் வீடியோடீ" என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது அந்த ஒன்பது நாளுக்கு முந்தின வீடியோ கால். கரையில் ஸ்டாண்டு மேல் போட் இருந்தது. "அப்பா, இதுதானுங்க. சத்தம் கேளுங்க" என்றாய். விற்கிறவன் கயிற்றை இழுத்தான், ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. நீ சந்தோஷமாகப் போனை மோட்டார் பக்கம் நீட்டினாய். எனக்குப் பகீர் என்றது. தண்ணீரே இல்லாமல் கரையில் வைத்து ஓட்டுகிறான். இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றும் இருக்கலாம். கிணறு வற்றினது தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டு, சீல் கருகினபிறகு நம் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்களே, அதே வேலைதான். போட் மோட்டார் தன் சூட்டைத் தணிக்க, கீழே இருக்கிற தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு உள்ளே ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. நம் பம்ப்பில் இருக்கிற அதே பெயர்தான், இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் அந்த ரப்பர் உரசிக் கருகிவிடும். அப்புறம் போட்டைத் தண்ணீரில் இறக்கினார்கள். மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் விடாமல் பீய்ச்சவேண்டும், பென்சில் பருமனுக்காவது. இது சொட்டுச் சொட்டாக விட்டு விட்டு வந்தது. வயசானவன் ஒன்றுக்குப் போகிற மாதிரி, எனக்குத் தெரியாதா அது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். சிக்னல் வேறு விட்டு விட்டு வந்தது. அந்த நேரம் பார்த்து, "அப்பா, எடுக்கட்டே?" என்று உன் குரல் கேட்டது. கண்ணு, அந்த ஒரு நொடி எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? முப்பத்திரண்டு வருடமாக நீ என்னிடம் 'ங்க' போடாமல் பேசினதே இல்லை. சாப்ட்டேனுங்க, வாரேனுங்க, செரிங்க. நாங்கள்தான் அப்படி வளர்த்தோம், நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு நீ அந்த 'ங்க'வை விட்டுவிட்டு, தோளில் கை போட்டு வாங்கிக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி, எடுக்கட்டே என்றாய். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொறு கண்ணு, அந்தத் தண்ணி வர்றதக் கொஞ்சம் பாரு" என்று ஆரம்பித்து நாலு வார்த்தை பேசியும் விட்டேன். அப்புறம்தான் பார்க்கிறேன், திரையில் உன் முகம் இல்லை, பின்கழுத்துதான் இருக்கிறது. நீ அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாய். மறுபடியும் சொன்னாய், இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது. "அச்சா, எடுக்கட்டே?" அவர் உன் தோளில் கை வைத்தார். "எடுத்தோ மோனே" என்றார், எடுத்துக்கோ மகனே என்று. நான் அந்தச் சிவப்பு வட்டத்தை அமுக்கிப் போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். "சிக்னல் கட்டாயிருச்சுங்கப்பா. போட் எப்படி இருக்குதுங்க?" என்றாய். "செவப்புக் கலர் எனக்குப் புடிக்கல" என்றேன். "வேற ஒன்னும் இல்லீங்களே?" என்றாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நீ இரண்டு தடவை கேட்டாய். "வேற என்ன, ஒன்னுமில்ல" என்றேன். அந்த மனிதர் பிடித்துக் கொடுத்த மோட்டார் ஒருநாள் அவர் முன்னாலேயே நிற்கட்டும், அப்போது என் பையன் யாருக்குப் போன் போடுவான் பார்க்கலாம் என்று நினைத்தேன். காயல் நடுவே நிற்கும், கரைக்குப் பக்கத்தில் நிற்காது என்று என் புத்திக்கு அப்போது எட்டவில்லை. குட்டி அதில் இருப்பாள் என்பதும் எட்டவில்லை. நேற்று நீ போனை வைக்கும்போது, பின்னால் அவள் "போட்டு, போட்டு" என்று கத்தினாள். அதோடு என் தூக்கம் போயிற்று.

ஆகையால் சொல்கிறேன், கேள். பாக்கிப் பணத்தைக் கொடுக்காதே, குட்டியையும் ஏற்றாதே. முதலில் அந்த ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பார். மண்ணோ பாசியோ அடைத்திருந்தால் அதோடு போயிற்று. குத்தின பிறகும் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் இம்பெல்லர் போய்விட்டது என்று அர்த்தம். அது பெரிய செலவில்லை, அதை மாற்றாமல் ஓட்டினால்தான் மோட்டாரே போய்விடும். மோட்டார் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற நம்பர் தகட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. அந்த நம்பரும் காகிதத்தில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று நீயும் பார்த்துக்கொள், கிணற்று மோட்டாரிலேயே எனக்கு அந்த ஏமாற்று நடந்திருக்கிறது. மோட்டார் தொங்குகிற பின்பலகையைக் கையால் பிடித்து ஆட்டிப் பார். ஆடக் கூடாது. விரலை மடக்கித் தட்டிப் பார், ஒரு இடத்தில் கணீர், ஒரு இடத்தில் பொதுக் என்று சத்தம் வந்தால் ஃபைபருக்குள்ளே தண்ணீர் இறங்கி அதற்குள் வைத்த மரம் உளுத்திருக்கிறது. அப்படி இருந்தால் அட்வான்ஸ் போனாலும் போகட்டும் என்று திரும்பி வந்துவிடு. கையில் இருக்கிறதை எல்லாம் போட்டிலேயே கொட்டிவிடாதே. முதல் செலவு லைஃப் ஜாக்கெட்டுக்கு, ஆளுக்கு ஒன்று, குட்டிக்கு அவள் எடைக்குத் தகுந்தது. பெரியவங்க ஜாக்கெட்டை அவளுக்குச் சுற்றிக் கட்டினால் நழுவிவிடும். இரண்டாவது செலவு இன்சூரன்ஸ், துடுப்பு, கயிறு, நங்கூரம். மிச்சம் இருந்தால்தான் பாட்டுப் பெட்டியும் வெல்வெட் சீட்டும். ஒவ்வொரு தடவை ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர்க் குழாயை அதற்கான மூடியில் மாட்டி மோட்டாருக்குள் ஓடவிடு. உப்பு உள்ளே தங்கினால் இரும்பைத் தின்றுவிடும். இதையெல்லாம் தீபாவளி அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும், இட்லியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டு உங்கம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "இதை அவன் எப்பப் படிச்சு எப்ப முடிக்கறது? சம்பந்திக்குப் போனைப் போடுங்க" என்றாள். "நானா?" என்றேன். "பின்ன, ஜோசியரா போடுவாரு?" என்று சொல்லி அவளே நம்பரை அமுக்கி என் காதில் வைத்துவிட்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, நல்லா இருக்கறீங்களா? நானுங்க, கோயம்புத்தூர்ல இருந்து" என்றேன். அவர் பதறிவிட்டார், இங்கே யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மோட்டார் விஷயத்தைச் சொன்னேன். கரையில் ஓட்டியது, தண்ணீர் விட்டு விட்டு வந்தது, நான் பார்த்தும் சொல்லாதது, ஏன் சொல்லாதது என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவருக்குச் சொல்வது உனக்குச் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது, அதுவும் ஆச்சரியம்தான். அவர் மலையாளம் கலந்த தம் தமிழில் பேசினார்.

"எனக்கும் சம்சயம், சந்தேகம், இருந்துங்க. நான் ஓட்டியது பெரிய டீசல் போட். இந்தச் சின்ன பெட்ரோல் மோட்டார் எனக்கு அறியாது. கரையில ஸ்டார்ட் செய்யண்டான்னு நான் மோனிடத்து பறஞ்ஞு. கேட்டில்லா. போட் கட்டற ஜெட்டியில சிக்னல் இல்லா, கரையில வெச்சாத்தான் அப்பாவுக்கு சத்தம் கேக்கும், அப்பா சத்தம் கேட்டாலே மோட்டார் எப்படின்னு சொல்லிடுவார் அச்சா, அப்படின்னு பறஞ்ஞு."

அவர் நிறுத்தவில்லை.

"எனக்கு சம்சயம் இருக்குன்னு அடுத்த நாளும் பறஞ்ஞு. மோன் சிரிச்சு. அப்பா இந்தப் போட்டுக்கு எல்லாக் குற்றமும் சொல்லியாச்சு அச்சா, நெறம் வரைக்கும் சொல்லியாச்சு. மோட்டாரைப் பத்தி மட்டும் ஒன்னும் சொல்லல. அப்போ மோட்டார் நல்ல மோட்டார், பயப்படண்டா, அப்படின்னு பறஞ்ஞு. அதுகொண்டுதான் நானும் சம்மதிச்சது."

போனை நீட்டினேன். உங்கம்மாதான் வாங்கி மீதியைப் பேசினாள்.

கண்ணு, நான்கு போட் பார்க்கப் போனபோது என்னைக் கூப்பிடவில்லை என்று குமுறினேனே, நீ என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாய். நான் சொன்ன பொய்க் குறைகளைச் சிரித்துத் தள்ளினாய், சொல்லாமல் விட்டதை மட்டும் நம்பினாய். குழந்தையை ஏற்றுகிற அளவுக்கு நம்பினாய். அந்த மோட்டார் கெட்டுப்போனதே எனக்குச் சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான். உலகத்தில் எந்த அப்பனுக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது, எந்த அப்பனும் அதற்கு இப்படிக் கைம்மாறு செய்திருக்கமாட்டான். என்னை மன்னித்துவிடு. இந்த வார்த்தையை எழுதிப் பார்த்துவிட்டேன், நேரில் சொல்ல வருமா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போட் கட்டிப்போட்டது கட்டிப்போட்டபடியே கிடக்கும் என்று உன் மாமனார் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை ரயிலில் நானும் அம்மாவும் கிளம்புகிறோம். நம்பர் தகட்டுப் படம் வந்தால் அங்கேயே கொச்சியில் இம்பெல்லரை வாங்கிவிடலாம். நான் வருகிறவரைக்கும் நீ கழற்றாதே. நானே மாட்டுகிறேன், சம்பந்தி டார்ச் அடித்துப் பிடிக்கட்டும். அவர் டார்ச் பிடிக்க நான் மாட்டுவதை நினைத்தால் இப்போதே கொஞ்சம் குஷியாக இருக்கிறது. பொறாமை ஒரே நாளில் போய்விடும் என்று நான் எங்கேயும் எழுதவில்லையே. தண்ணீர் பென்சில் பருமனுக்கு வந்தபிறகு, முதல் சுற்றுக்கு என்னை ஏற்று. குட்டி அடுத்த சுற்றில் வரட்டும். எனக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கி வை, பெரிய சைஸ். ஓட்டுவது நீ, பக்கத்தில் உட்காருவது அவர், நடுவில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. போட்டில் போகும்போது நீ "அச்சா" என்று அவரைக் கூப்பிடுவாய். நானும் திரும்பிப் பார்ப்பேன். காது அப்படி ஆகிவிட்டது கண்ணு, தப்பாக நினைக்காதே.

இப்படிக்கு,
அப்பா